புதுச்சேரியில் சரிபார்க்கப்பட்டது

ஜூன் மாதத்தில் ஒரு நாள், பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் எனக்கு நிழல் கிடைக்கவில்லை. மாடிப்படி அறையின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் கிடக்கும். பல வருடங்களாக டிசம்பரில் பாரிஸ் புறநகரிலிருந்து வந்திறங்கி, பிப்ரவரி முடிவதற்குள் திரும்பிப் போகிறவன் நான். அந்த மூன்று மாதமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த நாற்காலியில்தான் இருப்பேன். வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. இந்த வருடம் தங்கைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்பதால் முதல் முறையாக ஜூனில் வந்தேன். போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினால் நாற்காலி முழு வெயிலில் கிடக்கிறது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். நிழல் இருந்தது, ஆனால் அறைக்கு அந்தப் பக்கம், தெற்குச் சுவரில், ஒரு முழ அகலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு தவறா, நான் தவறா என்று சுற்றிப் பார்த்தேன். கிழக்கே, கூரைகளுக்கு மேல், கடல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

கீழேயிருந்து தங்கை விஜயா குரல் கொடுத்தாள். "இன்னா அண்ணே, உச்சி வெயில்ல மாடில இன்னா பண்ற?"

"இங்க இருந்த நெழலக் காணோம் விஜயா."

"ஆனி மாசத்துல அது அந்தப் பக்கம்தான் விழும். நாற்காலியத் தூக்கிப் போட்டு உக்காரு. நாப்பது வருஷமா மார்கழிக்கு மார்கழி வந்துட்டுப் போனா உனக்கு இன்னாத்தத் தெரியும்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், "நண்பகலில் உன் நிழல் விழும் திசையே வடக்கு" என்று தமிழில் ஒரு பாடம் எழுதி உலகத்துக்கே கொடுத்தவன் நான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் ஒரு கல்வி நிர்வாக அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே அதை 'ரெக்தோரா' என்பார்கள். தேர்வு மையங்களுக்கான விதிகளை எழுதுவது, எழுதியதைத் திருத்துவது, திருத்தியதைச் சுற்றறிக்கையாக அனுப்புவது என் பிரிவின் வேலை. ஓய்வு பெற்றபோது ஒரு கேடயமும் ஏராளமான நேரமும் கொடுத்தார்கள். கேடயம் அலமாரியில் இருக்கிறது. நேரத்தை வைத்துக்கொண்டு தமிழில் அறிவியல் செயல்பாட்டுத் தாள்கள் எழுதினேன். பிள்ளைகள் குச்சி நட்டு, நூல் கட்டி, தாங்களே அளந்து பார்க்கிற மாதிரியான தாள்கள். எல்லாம் திறந்த உரிமத்தில்: யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், என் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதும். புலம்பெயர்ந்தவன் ஊருக்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதுதான் என்று நினைத்தேன். கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால் அதில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிறார்கள். இதில் அந்த ஆபத்து இல்லை.

நிழல் தாள்தான் அதிகம் பரவியது. யாழ்ப்பாணத்தில், பினாங்கில், டொரொண்டோவின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் எல்லாம் பிள்ளைகள் குச்சி நட்ட படங்கள் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் வந்தன. எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது எழுதக் கூசுகிறது. தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "புதுச்சேரியில் நேரில் சரிபார்க்கப்பட்டது." பொய் இல்லை. சரிபார்த்தேன். அதே மொட்டைமாடியில், குச்சி நட்டு, பன்னிரண்டு இருபதுக்கு, ஒரு ஜனவரி மாதத்தில்.

தவறு எங்கே என்பதை எளிமையாகச் சொல்கிறேன். பாரிஸில் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்திலேயே நடமாடும். அதனால் உச்சி நிழல் எந்நாளும் வடக்கே விழும். நம் ஊர் அப்படி இல்லை. ஏப்ரல் இருபதை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, தாண்டி, வடக்கே போய்விடும். ஆகஸ்ட் இருபதை ஒட்டித்தான் திரும்பி வரும். நடுவில் உள்ள நான்கு மாதம் உச்சி நிழல் தெற்கே விழுகிறது. இங்கேயே பிறந்து இருபத்திரண்டு வயது வரை இந்த வெயிலில் திரிந்தவனுக்கு இது எப்படி மறந்தது?

எப்படி என்றும் தெரியும். முதன்முதலில் பிரான்ஸில் வீடு தேடியபோது, தரகர் ஒரு வீட்டைக் காட்டி 'ப்ளேன் சுயுத்', 'ப்ளேன் சுயுத்' என்று குதூகலித்தார். முழுத் தெற்குப் பார்த்த வீடு, நாள் முழுக்க வெயில். நான் பதறிப்போய், வெயில் வேண்டாம், வடக்குப் பார்த்த வீடு கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கண்ணில் ஏதோ வியாதி என்று முடிவு செய்து மிகவும் இரக்கத்தோடு ஒரு வடக்கு வீட்டைக் கொடுத்தார். மூன்று வருடம் அதில் சுவரெல்லாம் பூசணம் பிடிக்க, பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு தெற்கைத் தேடக் கற்றுக்கொண்டேன். பூந்தொட்டியைத் தெற்கு ஜன்னலில் வை, துணியைத் தெற்கே காயப்போடு, பூங்காவில் தெற்கு பெஞ்சில் உட்கார். நாற்பது வருடத்தில் அது உடம்புக்குள் போய்விட்டது. பாடத்தை எழுதியது என் கைதான் என்றாலும், எழுத வைத்தது அந்த ஊர்ச் சூரியன்.

எச்சரிக்கையும் வந்திருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. ரெயூனியன் தீவில் ஒரு தமிழ் வம்சாவளி ஆசிரியை என் தாளைப் பிரெஞ்சில் பெயர்த்துவிட்டு ஒரு கடிதம் போட்டிருந்தார்: "ஐயா, எங்களுக்கு நிழல் தெற்கே விழுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் வடக்கே. தாளில் இதைச் சேர்ப்பீர்களா?" நீங்கள் பூமியின் தென் பாதியில் இருப்பதால் அப்படி என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏன் மாறுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்து, தேதியிட்டு, எண்ணிட்டேன்.

மாடியிலிருந்து இறங்கியதும் தாளைத் திருத்தினேன். இரண்டாம் பதிப்பு, திருத்தக் குறிப்பு, காரணம், விளக்கப் படம், எல்லாம் முறைப்படி. குழுவில் போட்டேன். நிறைய கட்டைவிரல்கள் உயர்ந்தன. பதிவிறக்கக் கணக்கைப் பார்த்தால் பழைய தாள்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் என் பக்கத்தில் உள்ள பழைய தாள் மட்டும். பிரதியின் பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது எனக்கே தெரியாது. அரசாங்கத்தில் இருந்தபோது ஒரு சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் இன்னொரு சுற்றறிக்கை போதும். இங்கே கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்க மாட்டேன் என்று உரிமத்தில் நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

புதிய தாளை உண்மையிலேயே எடுத்துப் பயன்படுத்தியவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர். சுமதி டீச்சர். ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் ஒரு வருட ஒப்பந்தத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளி டவுனுக்குள், கடற்கரைக்குச் சில தெருக்கள் உள்ளே இருக்கிறது. கணவருக்குப் புதுச்சேரிக்குள்ளேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரண்டு வருடமாக என் தாள்களைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதுவார். மற்றவர்கள் நன்றி எழுதுவார்கள், இவர் சந்தேகம் எழுதுவார். செப்டம்பர் முடிவில் அவர் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதற்கு ஒரு கண்காணிப்பு வகுப்பு உண்டு. பள்ளியின் கல்வி ஒருங்கிணைப்பாளர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். ஜூலையில் நடந்த அந்த வகுப்புக்குச் சுமதி தேர்ந்தெடுத்தது நிழல் பாடம்.

பிள்ளைகள் குச்சி நட்டார்கள். நிழல் தெற்கே விழுந்தது. தெற்கு என்று நோட்டில் வரைந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் 'வடக்கு' என்று இருந்தது. அறிக்கையில் எழுதினார்: "செயல்பாடு தவறாக நடத்தப்பட்டது. மாணவர் அனைவரும் தவறான விடை."

சுமதி போன் செய்தபோது அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். "சார், உங்க பழைய தாளத்தான் அவரு வெச்சிருக்காரு. எதுத்துப் பேசறேன்னு எழுதிடுவாரோன்னு சும்மா வந்துட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்ல முடியுமா?"

"நான் திருத்தி அனுப்பாம இருந்திருந்தா உங்களுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காதும்மா."

"அதெப்படி சார்? நீங்க அனுப்பலன்னாலும் நான் தெக்குன்னுதான் எழுத வெச்சிருப்பேன். புள்ளைங்க கண்ணு முன்னாடி விழுது. அதப் போயி வடக்குன்னு எப்படிச் சொல்றது?"

மறுநாளே போனேன். ஒருங்கிணைப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க, மிகவும் பண்பான மனிதர். டீ வரவழைத்தார். சுவரில் உலக வரைபடம், அதன் மேல் 'உலகத் தரப் பாடங்கள்' என்று எழுதியிருந்தது. மதிப்பீட்டுத் தாளை எடுத்து நீட்டினார். என் வாக்கியங்கள், நான் வரைந்த குச்சி. பெயர் மட்டும் என் பெயர் இல்லை. டொரொண்டோவில் ஒரு வகுப்பு வண்ணம் சேர்த்திருக்கிறது, பினாங்கில் யாரோ ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள், அதிலிருந்து வேறொரு வலைத்தளம் மீண்டும் தமிழாக்கியிருக்கிறது. வழியில் எங்கோ நான் உதிர்ந்துவிட்டேன். ஆனால் அடியில் அந்த வரி மட்டும் அப்படியே, தடித்த எழுத்தில் இருந்தது: "புதுச்சேரியில் நேரில் சரிபார்க்கப்பட்டது."

"இத எழுதினது நான்தான் சார். இது தப்பு."

"சார், இது எத்தன நாட்டுல யூஸ் பண்றாங்க தெரியுமா?"

"தெரியும். அவங்களுக்கெல்லாம் நான்தான் கொடுத்தேன்."

அவர் என் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தார். "இதுல ரெண்டு வெர்ஷன் இருக்கு. ஒண்ணு வடக்குன்னுது, ஒண்ணு தெற்குன்னுது. நீங்களே எழுதினதா வெச்சுக்கிட்டாலும், வகுப்பு நடந்தப்ப எங்க ஸ்கூல்ல நடப்புல இருந்த தாள் இதுதான சார்? அத வெச்சுத்தான மார்க் போட முடியும்?"

நடப்பில் உள்ள தாள். முப்பது வருடம் நான் பிரெஞ்சில் சொல்லிய வாக்கியம். அதைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! இவ்வளவு பண்போடு சொன்னேனா என்பது சந்தேகம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐந்து. "வெளிய வாங்க சார். பத்து நிமிஷம். உங்க நெழலையே பாத்துருங்க," என்றேன்.

"நான் ஒருத்தன் பாத்தா அது அப்சர்வேஷன் ஆகாது சார். கமிட்டி பாக்கணும். நீங்க எழுதிக் குடுங்க, நான் வெக்கிறேன். அப்பறம் இந்த நிழலில்லா நாள்னு பேப்பர்ல போடுவாங்களே, எனக்கும் தெரியும். அது ஒரு நாள்தான சார்?"

ஒரு நாளில்லை, வருடத்தில் இரண்டு நாள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சங்கதியே இருக்கிறது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்பதற்காகத் தலையாட்டுவது வேறு, ஒப்புக்கொள்வதற்காக ஆட்டுவது வேறு. அதை மறந்தும் எனக்கு நாற்பது வருடம் ஆகிறது. பிரான்ஸில் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் நிமிடத்திலேயே 'நோன்' என்றுவிடுவார்கள். பிறகு ஒரு மணி நேரம் பேசி மாற்றலாம். இங்கே 'சரிங்க சார்' என்று ஆரம்பித்துவிட்டால் பேச இடமே இல்லை.

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே குறையில்லாத மனு அது. பொருள், பார்வை, இணைப்புகள் ஒன்று முதல் ஒன்பது வரை: சூரிய நிலை அட்டவணை, இரண்டு பதிப்புகளின் ஒப்பீடு, பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்கள், நானே எடுத்த நிழல் படங்கள், ரெயூனியன் ஆசிரியையின் கடிதம், அதற்கு என் அசட்டுப் பதில். மூன்று பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். விஜயா பார்த்துவிட்டுக் கேட்டாள், "இவ்ளோ பேப்பரா? அந்த டீச்சரு வேலைக்கா, உனக்கு வேல போட்டுக் குடுக்கவா?"

கமிட்டி ஆகஸ்ட் நடுவில் கூடுவதாக இருந்தது. பதினைந்தாம் தேதி சுதந்திர தினம். பதினாறாம் தேதி எங்கள் ஊருக்கு மட்டுமே உள்ள இன்னொரு விடுமுறை, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சட்டப்படி கைமாறிய நாள். அதை ஒட்டி ஒரு உறுப்பினர் வெளியூர் போனார். கூட்டம் தள்ளிப்போனது. பிள்ளையார் சதுர்த்தி வருகிறது, அது முடிந்து செப்டம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆகஸ்ட் இருபதைத் தாண்டினால் சூரியன் தெற்கே போய்விடும். ஓடிப்போய் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன்.

"அதாவது, கமிட்டி பாக்கறன்னிக்கு நிழல் வடக்குல விழும்னு சொல்றீங்க?"

"ஆமா சார், அன்னிக்கு வடக்குலதான் விழும். அதனாலதான் இப்பவே..."

"அப்ப தாள்ல போட்டிருக்கறது சரிதான சார்?"

அவர் கேலி செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையாகவே என்னைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தார். முன்கூட்டியே கூட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். முன்கூட்டியே கூட்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதியைக் காட்டினார். படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதப்பட்ட விதி. ஓட்டை தேடினேன், இல்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பள்ளி முற்றத்தில் மூன்று கமிட்டி உறுப்பினர்கள், ஒருங்கிணைப்பாளர், நான், சுமதி. ஒரு மீட்டர் குச்சி, திசைகாட்டி, அடிக்கோல் எல்லாம் ஒருங்கிணைப்பாளரே கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு நிழல் வடக்கே விழுந்தது. குட்டையாக, ஒரு சாண்கூட இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வடக்கே. உறுப்பினர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிரமாதம். புக்ல இருக்கற மாதிரியே விழுதே."

சுமதி ஜூலை நோட்டுகளைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், அன்னிக்கு இப்படி விழல. புள்ளைங்க வரைஞ்சிருக்காங்க பாருங்க. போட்டோவும் இருக்கு."

"போட்டோல எதும்மா வடக்கு? குச்சியும் தரையும்தான் தெரியுது."

"கடல் இந்தப் பக்கம் இருக்கு சார்." அவர் கை நீட்டிய பக்கம் பள்ளிச் சுவர் இருந்தது.

நான் பேசினேன். அட்டவணையை விரித்தேன். அது தியரி, இது ஃபீல்டு என்றார்கள். அடுத்த ஜூன் மாதம் வந்து பாருங்கள் என்றேன். கட்டாயம் பார்ப்போம் என்று குறித்துக்கொண்டார்கள். குறித்ததை நானும் பார்த்தேன்: "ஆசிரியர் விருப்பப்பட்டால் ஜூனில் மறு மதிப்பீடு." அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும், ஒப்பந்தம் முடிந்தவருக்கு மறு மதிப்பீடு கிடையாது. இரண்டு விதிகளும் தனித்தனியாகச் சரியானவை. கலைந்து நின்றபோது எங்கள் ஆறு பேரின் நிழல்களும் ஒரே திசையில் கிடந்தன, என் தாளில் உள்ளபடியே.

செப்டம்பர் முப்பதாம் தேதியோடு பணி நிறைவு என்று சுமதிக்குக் கடிதம் வந்துவிட்டது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் சேரப்போகிறார். பரீட்சைக்குத் தயார் செய்கிற இடம், குச்சியெல்லாம் நட விடமாட்டார்கள். போன வாரம் விஜயாவைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"விடுங்க சார். நீங்க இன்னா வேணும்னா பண்ணீங்க?" என்றார். பிறகு, "அந்த நோட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி குரூப்ல போட்டுட்டேன் சார், உங்க லைசென்ஸ்லயே. யாருக்காவது யூஸ் ஆவட்டும்."

பார்த்தேன். முப்பத்திச் சொச்சம் பிள்ளைகளின் கோணல் மாணலான குச்சிகள், அத்தனை நிழலும் தெற்கே. கட்டைவிரல்கள் வழக்கம்போல உயர்ந்தன. எழுத்தில் பதில் போட்டவர் ரெயூனியன் ஆசிரியை மட்டும்: டிசம்பரில் தன் வகுப்பும் அளந்து அனுப்பும் என்று. பழைய தாள் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கோ யாரோ ஒரு பிள்ளையிடம், உன் கண்ணில் தெரிவது தவறு, புதுச்சேரியில் சரிபார்த்திருக்கிறார்கள் என்று இந்த நிமிடமும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சுமதி கிளம்பும்போது கேட்டார், "அடுத்த ஜூன்ல இருப்பீங்களா சார்?" அவருக்காகக் கேட்கவில்லை, பேச்சுக்குக் கேட்டார். இருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. பிரான்ஸில் எனக்கு ஜூனில் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு, தேதி மாற்றினால் அடுத்த தேதி கிடைக்க எட்டு மாதம் ஆகும். அந்த நடைமுறையும் எனக்கு மனப்பாடம். "பார்க்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

நாளை மறுநாள் எனக்கு விமானம். இன்று மதியம் மாடிக்குப் போனேன். நான் வழக்கமாக உட்காரும் வடக்குச் சுவரில் நிழல் திரும்பி வந்திருக்கிறது. டிசம்பரில் நான் மறுபடி வரும்போது அது நாற்காலி போடும் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் இந்த ஊர் எனக்காகத் தயாராகி நிற்பதாக நினைத்திருந்தேன். நான் இல்லாத மாதங்களில் அது மறுபக்கம் திரும்பிக்கொண்டு தன் காரியத்தைப் பார்த்திருக்கிறது; அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விஜயாவும் சுமதியும் அந்தப் பிள்ளைகளும்.

நாற்காலி, ஜூனில் நான் இழுத்துப் போட்ட தெற்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஊன்றுகோலோடு படியேறிப் பழகிக்கொண்டிருக்கும் விஜயா மேலே வந்து மூச்சு வாங்கினாள். "நாற்காலிய உன் பக்கம் போட்டுடவா அண்ணே? டிசம்பர்ல வருவ இல்ல?"

"வேணாம். அங்கயே கெடக்கட்டும்."

"வெயில்ல கெடந்தா வீணாப்பூடும்."

"ஏப்ரல்ல நெழல் வந்துடும்," என்றேன்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊன்றுகோலைப் படிப் பக்கம் திருப்பினாள். நாங்கள் இறங்கும்போது அது முழு வெயிலில், யாரும் உட்காராமல், தெற்கே கிடந்தது.